ஜேசன் டன்ஹமின் தலைக்கவசம்

(ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



வீரர்களைப் பற்றிச் சொல்லும்போது பதக்கத்திலிருந்தே தொடங்கிவிடுகிறோம். ஜேசன் டன்ஹமை நான் அப்படி அறிமுகப்படுத்துவதில்லை.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சையோ என்னும் சிற்றூர்க்காரர். மரைன் படையில் கார்ப்பரல், வயது 22. அவரது பணிக்காலம் இடையிலேயே முடிய இருந்தது. தன் குழுவினரை ஈராக்கில் விட்டுவர மனமின்றி அதை நீட்டித்துக்கொண்டார். என்னைக் கேட்டால், அவரது துணிவு இங்கேயே தொடங்கிவிட்டது.

2004 ஏப்ரல் 14. சிரிய எல்லையை ஒட்டிய ஹுசைபா அருகே, தாக்குதலில் சிக்கிய வாகன அணிக்கு உதவ அவரது குழு விரைந்தது. வழியில் வாகனங்களைச் சோதித்தபோது, ஓர் ஓட்டுநர் இறங்கி அவர்மேல் பாய்ந்தார். கைகலப்பில் கையெறி குண்டு ஒன்று கீழே விழுந்தது. டன்ஹம் தோழர்களை எச்சரித்துக் கத்தினார்; தலைக்கவசத்தால் குண்டை மூடி, அதன்மேல் படுத்துக்கொண்டார். அருகிலிருந்த இருவர் பிழைத்தனர். அவர் ஏப்ரல் 22 அன்று இறந்தார்.

தலைக்கவசத்தால் குண்டை அடக்க முடியுமா என்று முன்பே நண்பர்களோடு பேசியிருக்கிறார். அப்படியானால் அது கணநேர வேகமா, யோசித்த முடிவா? மேல்வகுப்பு மாணவர்கள் விவாதிக்கட்டும். அந்தப் போர் சரியா என்றும் கேட்பார்கள். அதுவும் நியாயமான, ஆனால் வேறொரு கேள்வி.

மெடல் ஆஃப் ஆனர் விருதை 2007 ஜனவரியில் குடும்பத்தினர் பெற்றுக்கொண்டனர். அவர் பெயரில் ஒரு போர்க்கப்பலும் உண்டு. இவற்றைக் கடைசியில் சொன்னால் போதும்.