ஒழுகும் குழாயும் ஓய்வு நாளும்



பிறநாட்டு நகைச்சுவை எழுத்துகளுள் இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பவை ஹீப்ரு எழுத்தாளர் எப்ராயிம் கிஷோனின் குடும்பக் கதைகள். அரசர்களும் வீரர்களும் அவற்றில் இல்லை. ஒழுகும் குழாய், சொன்ன நாளில் வராத பிளம்பர், அடம்பிடிக்கும் சலவை இயந்திரம், வேளைகெட்ட வேளையில் வந்து நிற்கும் விருந்தினர் ஆகியவையே அவருடைய பாடுபொருள்.

கிஷோன் 1924இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். நாஸிகளின் முகாம்களில் அடைபட்டார். சோபிபோர் என்னும் மரண முகாமுக்குக் கொண்டு செல்லப்படும் வழியிலே தப்பினார். 1949இல் இஸ்ரேலில் வந்திறங்கியபோது ஹீப்ரு அவருக்கு அந்நிய மொழி. ஆயினும் 1952 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ‘மாஆரிவ்’ நாளிதழில் அந்த மொழியிலேயே பத்தி எழுதினார்.

பத்தியின் பெயர் ‘ஹத் கத்யா’. ஒரே ஓர் ஆட்டுக்குட்டி என்பது பொருள். இது யூதர் பாஸ்கா இரவிலே பாடும் பாட்டொன்றின் பெயர். குட்டியைப் பூனை தின்னும்; பூனையை நாய் கடிக்கும்; நாயைத் தடி அடிக்கும். தன் பெயரை மறந்த ஈ கன்றிடமும் பசுவிடமும் கேட்டுக்கொண்டே போகும் நம் சிறுவர் கதை போன்றது அது. வீட்டு விபத்துகளும் இவ்வாறே. ஒன்றைத் திருத்தப் போனால் மற்றொன்று உடையும்.

அந்நாட்டின் வார ஒழுங்கையும் நேயர்கள் மனதிற்கொள்ள வேண்டும். அங்கே வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. வெள்ளி மாலை சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவுவரை சபாத் என்னும் ஓய்வு நாள். வெள்ளி பிற்பகலிலேயே பெரும்பாலான கடைகள் மூடிவிடும். அநேக நகரங்களில் பேருந்துகள் நின்றுவிடும். ஆசாரமானவர்கள் அந்நாளில் அடுப்பு மூட்டுவதில்லை. அவரையும் வாற்கோதுமையும் கிழங்கும் இறைச்சியும் சேர்ந்த பதார்த்தத்தை வெள்ளியன்றே இளஞ்சூட்டில் வைத்து, மறுநாள் உண்பார்கள். இப்படிப்பட்ட நாட்டிலே வெள்ளி பிற்பகல் மூன்று மணிக்குக் குழாய் வெடித்தால் என்ன செய்வது? கடற்கரைக்குப் போவது, உறவினரைப் பார்ப்பது, நன்றாகத் தூங்குவது என்று வாரம் முழுவதும் போட்ட திட்டங்கள் ஒரு வாளித் தண்ணீரிற் கரைந்துவிடும்.

இந்த உலகத்திலேதான் கிஷோனின் குடும்பம் வாழ்கிறது. அவருடைய சலவை இயந்திரம் சுழலும் வேகத்திலே இடம்விட்டு நகர்ந்து வீட்டுக்குள் நடமாடுகிறது. அவரோ அதற்கும் மனித குணங்களைக் கற்பித்துவிடுகிறார். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை தோன்றும் இடங்கள் நான்கு என்று வகுத்து, அவற்றுள் பேதைமையையும் வைத்தார். கிஷோன் காட்டும் பேதைமை முதலிலே தம்முடையது. அதனால் அவர் சிரிப்பு எவரையும் புண்படுத்துவதில்லை.

மரணத்தின் வாசலைக் கண்டு மீண்ட ஒருவருக்கு எழுத வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று சிலர் கேட்கலாம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து நாங்கள் இடம்பெயர்ந்தபோது நான் பாடசாலை மாணவன். தென்மராட்சியில் உறவினர் வீட்டு விறாந்தையிலே தங்கியிருந்த நாட்களில் அம்மா அடிக்கடி நினைத்துப் பேசியது எங்கள் கிணற்றுக் கப்பியின் கிறீச்சிடும் சத்தத்தை. அதற்கு எண்ணெய் விடவில்லையென்று அப்பாவோடு வருடக்கணக்காகச் சண்டை பிடித்தவர் அவர். அந்தச் சண்டையைப் பிடிப்பதற்கு ஒரு கிணறு வேண்டும். கிணற்றுக்கு ஒரு வளவு வேண்டும். குழாய் ஒழுகுகிறதென்று கிஷோன் முறைப்பாடு எழுதுகிறாரென்றால், அவருக்கு ஒரு வீடு கிடைத்துவிட்டது என்பதே அதன் பொருள்.

ஒன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். 1948 போரிலே அதே மண்ணிலிருந்து பெயர்ந்த பலஸ்தீனரின் குடும்பங்கள் பல, பழைய வீட்டுத் திறப்புகளை இன்றும் பேணி வைத்திருக்கின்றன. 1967 போரையொட்டிக் கிஷோன் எழுதியவை தம் நாட்டுப் பக்கமே நின்று பேசுபவை. ஒரு வீட்டின் சிரிப்பை ரசிக்கும்போது, அடைபட்ட மற்றக் கதவையும் வாசகன் நினைக்கத்தான் வேண்டும்.

கிஷோனின் நூல்கள் மிக அதிகமாக விற்பனையானது ஜேர்மன் மொழியிலே. அவரை அழிக்க முனைந்தவர்களின் பிள்ளைகள் அவருடைய அடுக்களைக் கதைகளைப் படித்துச் சிரித்தார்கள். 2002இல் இஸ்ரேல் பரிசு பெற்ற அவர், 2005இல் காலமானார்.

நம் ஈழத்து எழுத்தாளர் இடப்பெயர்வின் துயரத்தை நிறையவே எழுதியிருக்கிறார்கள். மீண்டு வந்த வீட்டிலே கூரை ஒழுகுவதையும், மேசன் நாளைக்கு வருகிறேன் என்று நாட்கடத்துவதையும் சிரிக்கச் சிரிக்க எழுதுவோர் இன்னும் பலர் வரவேண்டும். அதுவும் வாழ்வு மீண்டதற்குச் சாட்சியே.