பயணப்பொதிகளுடன் பியர்சனிலிருந்து நகருக்கு



நெடும்பயணம் முடித்துப் பாரமான பொதிகளுடன் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கும் உறவினர், வாடகைக் காரின்றியும் வீடு சேரலாம்.

நகர மையத்துக்குச் செல்வோருக்கு யூபி எக்ஸ்பிரஸ் தொடருந்து ஏற்றது. 2015இல் தொடங்கப்பட்ட இச்சேவை, முதலாம் முனையத்திலிருந்து யூனியன் நிலையத்தை 25 நிமிடங்களில் அடைகின்றது. மூன்றாம் முனையத்தில் இறங்குவோர் இலவச இணைப்புத் தொடருந்தில் முதலாம் முனையத்துக்கு வரலாம்.

ஸ்காபரோ செல்வோருக்கு ரீரீசியின் 900ஆம் இலக்கப் பேருந்து சிக்கனமானது. அது கிப்ளிங் நிலையத்தை அடைந்ததும், மின்தூக்கியில் இறங்கிச் சுரங்கத் தொடருந்தில் ஏறினால், இடையில் மாறாமலே கென்னடி வரை செல்லலாம். பிரெஸ்ரோ அட்டையில் ஒருமுறை செலுத்தும் கட்டணம் இரண்டு மணி நேரம் செல்லுபடியாகும். யூபி எக்ஸ்பிரஸுக்கோ தனிக் கட்டணம். 12 வயது வரையிலான சிறுவர்களுக்கு இரண்டிலும் கட்டணமில்லை.

பொதியின் பாரத்தையும் சேருமிடத்தையும் எண்ணி வழியைத் தெரிவு செய்க.