சண்டை தொடங்கினால் எழுந்து போனவர்கள்

ஒரு காலத்தில் நமக்கு உயிராக இருந்த படவகை, பார்க்கப் பார்க்க ஏன் அலுத்துப்போகிறது? அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ராசிபுரம், நாமக்கல் வட்டாரத்து டூரிங் கொட்டாய்களில் ஆபரேட்டராக இருந்தவன் நான். புரொஜக்டர் பக்கத்தில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாகத் திரையை விடச் சனங்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ரீலைப் போட்டு கார்பன் குச்சியைச் சரிசெய்துவிட்டால், அடுத்த ரீல் வரைக்கும் அதுதானே வேலை!

எங்கள் பக்கத்தில் சினிமா என்றாலே மாடர்ன் தியேட்டர்ஸ்தான். சேலத்தில் ஏற்காடு போகிற சாலையில் 1935-இல் அதை ஆரம்பித்த டி. ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டில் பிறந்தவர். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-இல் அங்கே உருவானதுதான். 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை முழுக்க வண்ணத்தில் எடுத்துக் காட்டியதும் அவர்தான். 1963-இல் அவர் காலமானார். அதற்குப் பிறகு அந்த ஸ்டுடியோவின் அடையாளமாக ஆனவை ஜெய்சங்கர் நடித்த துப்பறியும் படங்கள். ‘வல்லவன் ஒருவன்’ 1966-இல் வந்தது, ‘சி.ஐ.டி. சங்கர்’ 1970-இல். தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று அவருக்குப் பெயரே வந்துவிட்டது.

டவுனில் ஓடி முடித்துச் சில வருடம் கழித்துத்தான் எங்கள் கொட்டாய்க்குப் படப்பெட்டி வரும். ஆனாலும் அந்தப் படங்கள் முதலில் வந்தபோது இருந்த கூட்டத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. வேதாவின் இசை ஆரம்பித்தால் தரை டிக்கெட்டில் ஒருத்தரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சுவர் நகரும், ரகசிய வழி திறக்கும், பெரிய முதலாளி முகம் காட்டாமல் நாற்காலியில் இருந்து பேசுவார். கைத்தறி ஓட்டிவிட்டு இரவு ஆட்டத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு அது வேறு உலகம்.

அப்புறம் அதே மாதிரிப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. வேறு வேறு கம்பெனிக்காரர்களும் எடுத்தார்கள். அதே நாற்காலி, அதே சுவர், கிளப்பில் ஒரு ஆட்டம், கடைசியில் கிடங்கில் சண்டை. கொட்டாய்க்கு வெளியே ஒருவர் வடை போட்டுக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் இடைவேளைக்குத்தான் சட்டியை அடுப்பில் ஏற்றுவார். பிறகு பார்த்தால், உள்ளே சண்டைச் சத்தம் கேட்டதுமே ஏற்ற ஆரம்பித்துவிட்டார். ஆட்கள் எழுந்து வருவார்கள் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று! பீடி பற்றவைக்கவும் டீ குடிக்கவும் சண்டைதான் வசதியான நேரம். ஒரு தறிக்காரர் என்னிடம் வந்து, “ஏனுங்க, போன வாரப் பொட்டியவே திரும்பப் போட்டுட்டீங்களா?” என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தேகப்பட்டுத்தான் கேட்டார்.

நேயர்களே, திரும்பத் திரும்ப ஒன்றையே காட்டினால் சனங்களுக்குச் சலித்துவிடும் என்று சொல்வார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே கொட்டாயில் ‘மந்திரி குமாரி’யை எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறோம். அதுவும் மாடர்ன் தியேட்டர்ஸ் படம்தான். 1950-இல் எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்கியது, வசனம் கலைஞர் மு. கருணாநிதி. எம்.ஜி.ஆர். தளபதியாக வருகிறார். ராஜகுருவின் மகன் இரவில் கொள்ளைக்காரன், எஸ். ஏ. நடராஜன் நடித்திருப்பார். அவனை நம்பிக் கல்யாணம் செய்துகொண்ட அமுதவல்லியாக மாதுரி தேவி. அவளைத் தீர்த்துக்கட்டுவதற்காக இனிமையாகப் பாடி மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான். விஷயம் தெரிந்ததும் அவள் கெஞ்சிக் கதறவில்லை. சாவதற்கு முன்னால் கணவனை மூன்று முறை சுற்றி வர அனுமதி கேட்கிறாள். சுற்றி வந்து, அவனைத் தள்ளிவிடுகிறாள்.

அந்த ரீல் ஓடும்போது கொட்டாயைப் பார்க்க வேண்டும் நீங்கள். முடிவு எல்லாருக்கும் தெரியும். பாட்டும் மனப்பாடம். முதல் சுற்றில் பேச்சு நிற்கும். இரண்டாவது சுற்றில் அழுத பிள்ளையின் வாயைத் தாய் பொத்துவாள். மூன்றாவது சுற்றில் நானும் ரீலைக் கவனிக்காமல் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். வடைக்காரரும் படுதாவை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து நிற்பார்.

கூத்திலும் இதே கதைதான். நம் சேலம், நாமக்கல் ஊர்களில் விடிய விடிய திரௌபதி துகில் நடக்கிறது. என்ன ஆகும் என்று தெரியாத ஆள் அந்தக் களத்தில் உண்டா? இருந்தும் யாரும் எழுந்து போவதில்லை. ஏனென்றால் துச்சாதனன் கை வைக்கும்போது அவளுக்கு உண்மையாகவே ஆபத்து வருகிறது. துப்பறியும் படத்திலோ நாயகனுக்கு எதுவும் ஆகாது. அடிபட்டால் வலிக்காது, யாரை இழந்தாலும் அடுத்த காட்சியில் ஞாபகம் இருக்காது. சனங்கள் கைவிட்டது அதைத்தான்.

இதையே வீட்டிலும் பார்த்தேன். என் பேரன் ஜப்பான் கார்ட்டூன் பார்க்கிறவன். ராட்சத ரோபோ வருகிற தொடர்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். ‘மசிங்கர் செட்’ என்ற தொடர் 1972-இல் தொடங்கியது. கோ நாகாய் என்ற ஓவியரின் படைப்பு. ஒரு பையன் சின்ன விமானத்தில் பறந்து வந்து ரோபோவின் தலையில் இறங்கி, உள்ளே இருந்தபடியே அதை ஓட்டுவான். போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டபோது நாகாய்க்கு அந்த யோசனை வந்ததாம். லாரி ஓட்டுகிற நாமக்கல்காரர்களுக்கு அது நன்றாகவே புரியும்! 92 பகுதிகள். வாராவாரம் ஓர் இயந்திர மிருகம் வரும், கை ராக்கெட் மாதிரிப் பறந்து போய் அடிக்கும், மிருகம் வெடிக்கும். பாதி வழியிலேயே பேரன் எழுந்து போய்விட்டான். கடைசிப் பகுதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதில் அந்த ரோபோ தோற்று உடைந்து கிடக்கிறது. பையன் அசையாமல் பார்த்தான். 1979-இல் வந்த ‘கண்டம்’ என்ற ரோபோ தொடரிலோ எதிரிகளும் மனிதர்கள், அவர்களுக்கும் வீடு வாசல் உண்டு. ஒளிபரப்பானபோது பார்க்க ஆள் குறைவு என்று 43 பகுதிகளோடு முடித்துவிட்டார்கள். மறு ஒளிபரப்பில்தான் ஜப்பான் அதைக் கொண்டாடியது.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஜெய்சங்கரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 1980-இல் ‘முரட்டுக்காளை’யில் அவர் வில்லனாக வந்தார். வடைச்சட்டிக்கு எழுந்து போன அதே ஆட்கள் அவரை வைத்த கண் வாங்காமல் பார்த்ததை நான் கண்டேன். மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் ஏற்காடு சாலையில் நிற்கிறது. சேலத்தில் குறும்படம் எடுக்கிற தம்பிகள், தங்கைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு மைதானத்தில் திரை கட்டி, ‘மந்திரி குமாரி’யின் மலை உச்சிக் காட்சியை ஊர்ச் சனங்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். கூப்பிட்டால் ஓட்டித்தர நான் வருகிறேன்.