உங்கள் வழக்கமான எண் என்ன?

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் கூட்டம் எப்படி நெரியும் என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறவியிலேயே இதயக் குறை உள்ளவர்களும் அதில் நிற்பார்கள். சின்ன வயதில் ஆபரேஷன் ஆகி, இன்று பிள்ளைகுட்டியோடு இருப்பவர்கள்.

இவர்களுக்குக் கொரோனா வந்தால் ஆபத்தா? பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து 2021-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிறக்கும்போது என்ன குறை என்பதைவிட, இதயம் இன்று எப்படி இருக்கிறது என்பதே முக்கியமாம். வீடு கட்டும்போது விழுந்த விரிசலை விடுங்கள். இன்று மழைக்கு ஒழுகுகிறதா, அதைப் பாருங்கள்.

மலைக்கோட்டையில் நாலு படி ஏறியதும் மூச்சு வாங்குகிறதா? உதடும் நகமும் நீலம் பாய்கிறதா? அவர்களுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் நமக்கு 95-க்கு மேல் காட்டும். நீலம் பாயும் உடம்புக்கு எந்த நாளும் 85 காட்டலாம். அது தெரியாவிட்டால் வீடே பதறும். அல்லது, 'இவருக்கு எப்பவும் இப்படித்தான்' என்று, நிஜமாகவே எண் இறங்கும்போது விட்டுவிடுவோம். அதனால் உடம்பு நன்றாக இருக்கும் நாளில் மாட்டிப் பாருங்கள். வரும் எண்ணை மருந்துச் சீட்டில் எழுதி வையுங்கள். காய்ச்சல் என்று புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனால், டாக்டரிடம் முதலில் அந்தச் சீட்டை நீட்டுங்கள்.