நூலகத்தில் ஒலிக்கும் கதை



தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த புன்னைக்காயல், முத்துக்குளித்துறையின் பழம்பெரும் ஊர்களுள் ஒன்று. போர்த்துகல் நாட்டிலிருந்து வந்த அண்டிரிக் அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ 1586-ஆம் ஆண்டில் அவ்வூரில் அச்சேறியது என அச்சு வரலாற்றாசிரியர் குறிப்பர். தமிழ் அச்சுக்கு அத்துணைத் தொன்மை இருந்தும், பாட்டிமார் வாய்வழி வளர்த்த நாட்டார் கதைகள் ஏடேறியது மிகப் பிற்காலத்திலேதான்.

அப்பணியில் முன்னின்றவர் அதே தூத்துக்குடி மாவட்டத்து இடைசெவலில் 1923-இல் பிறந்த கி. ராஜநாராயணன். சிறுவர்க்குப் ‘பிஞ்சுகள்’ என்னும் நூலை அளித்த அவர், புதுவைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது நாட்டார் கதைகளைப் பெரிதும் திரட்டினார். 2021-இல் அவர் மறைந்தார். அவர் தொகுத்தவை நூலக அடுக்குகளில் நிலைபெற்றுள்ளன. ஆயினும், செவிக்கென்று பிறந்த கதை குரலின்றி முழுமை பெறுவதில்லை.

வாலில் முள் தைத்த குரங்கின் கதையை அறியாதார் சிலரே. முள்ளை எடுக்கையில் நாவிதர் வாலை அறுத்துவிடுகிறார். குரங்கு வாலுக்கு ஈடாகக் கத்தியையும், கத்திக்கு ஈடாக விறகையும், விறகுக்கு ஈடாகத் தோசையையும், தோசைக்கு ஈடாக மேளத்தையும் பெறுகிறது. ஊருக்கு ஊர் பொருள்கள் மாறும். கடற்கரை ஊரில் உப்பும் வலையும் அவ்விடத்தைப் பெறலாம்.

இக்கதையை ஏட்டில் படிப்போர், திரும்பத் திரும்ப வரும் பாட்டைத் தாண்டிச் சென்றுவிடுவர். சிறுவர் இலக்கிய ஆசிரியர் ஒருவர் நூலகத்தில் நின்று நடித்துக் கூறும்போதோ, அப்பாட்டே கதையின் உயிராகிறது. அவர் ஓரடியில் நிறுத்தினால் பிள்ளைகள் மறு அடியை முழக்குவர். எழுத்துக்கூட்டித் தடுமாறும் சிறுவனும் அக்குரலில் கலந்துகொள்வான். பின்னர் அதே கதை அடங்கிய நூலை அவன் கையில் கொடுத்தால், அறிந்த கதை அறியாத எழுத்துக்கு வழிகாட்டும். நூலகத்தை அஞ்சி விலகிய பிள்ளை வாசகனாவது இவ்வாறே.

கதை முடிந்ததும் நீதியை உரைக்க விரைதல் வேண்டா. “கத்தியை இழந்த நாவிதர் மறுநாள் என்ன செய்வார்?” என்று வினவினால் போதும். அடாவடியால் பெற்ற பொருள் பிறரது பிழைப்பைக் கெடுப்பதைப் பிள்ளைகளே கண்டு கூறுவர். தாமே கண்ட நீதி நெஞ்சில் தங்கும்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அதன் பயனாகவே சொத்துவரியோடு நூலக வரியும் செலுத்தப்படுகிறது. ஆதலின், கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை நேரம் வேண்டுமெனக் கேட்பது பெற்றோரின் உரிமை. அழைத்தற்குரிய எழுத்தாளர்களும் உளர். ‘ஆதனின் பொம்மை’ நூலுக்காக 2023-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற உதயசங்கர் கோவில்பட்டியைச் சேர்ந்தவரே.

தேர்வு நூல்களுக்காக மட்டும் பிள்ளைகளை நூலகத்திற்கு அனுப்பினால், பாட்டிமாரோடு அவர்தம் கதைகளும் மறையும். வரும் விடுமுறையில் ஒரு நாளேனும் பெற்றோர் பிள்ளைகளை நூலகத்திற்கு அழைத்துச் செல்க. கதையறிந்த முதியோரையும் உடன் அழைத்துச் செல்க. நூலகரிடம் ஒரு மணி நேரம் கேட்டுப் பெறுக.