கொழுந்தும் ரொட்டியும்



தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தை மலையகத்தார் நன்கறிவர். 1925ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பெற்ற நிலையம் அது. அங்கே மண்ணை ஆராய்வோர் உளர். பூச்சியை ஆராய்வோர் உளர். செடியின் நோயை ஆராய்வோரும், இலையின் இரசாயனத்தை ஆராய்வோரும் உளர். ஒரு கொழுந்தின் நலனுக்காக இத்துணைத் துறையினர் கூடி உழைக்கின்றனர். அக்கொழுந்தைப் பறிக்கின்ற கை உண்ணும் உணவை ஆராய்வதற்கும் இத்தகைய கூட்டுறவு வேண்டும் என்பதே என் கருத்து.

லயங்களிலே காலையுணவு பெரும்பாலும் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணீருமே. இதனைக் காணும் மருத்துவர், உணவோடு அருந்தும் தேநீரின் துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்து உடலிற் சேர்வதைக் குறைக்கும் என்பார், இரத்தசோகைக்கு அஞ்சுவார். அவர் கூற்று மெய்யே. ஆயினும், "தேநீரைச் சற்றுப் பிந்திக் குடியுங்கள்" என்று சொன்னாற் போதுமா? விடியற்குளிரிலே மலையேறும் பெண்ணுக்கு அந்தச் சூடே துணை. ரொட்டியோ விரைவிற் சுடத்தக்கது. மலைக்கும் எடுத்துச் செல்லத்தக்கது. இதனை எடுத்துரைக்க, மக்களின் வாழ்க்கை வழக்கங்களைக் கற்றவர் வேண்டும்.

வேளாண்மை அறிஞர் கீரை பயிரிடச் சொல்வார். நிலம் யாருடையது, பொழுது எங்கே என்று பொருளியலார் வினவுவார். வரலாற்றாசிரியரோ, முன்னாளில் தோட்ட நிருவாகமே அரிசி வழங்கி அதன் விலையைச் சம்பளத்திற் கழித்ததையும், 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டத்து மக்கள் பட்டினியால் மாண்டதையும் நினைவூட்டுவார். ஒருவர் விடையில் மற்றவர் வினா பிறக்கின்றது. ஆதலால் அவர்கள் ஒருங்கே அமர்தல் வேண்டும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் விவாதமன்று. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ 32 பேர். வகுப்பறையின் முன்வரிசையில் அமரும் அச்சிறுவரை ஆசிரியராகிய நாம் நாளும் காண்கின்றோம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்திலே மருத்துவம், விவசாயம், கலை ஆகிய பீடங்கள் அருகருகே உள்ளன. அவற்றின் அறிஞர்கள் சேர்ந்து தோட்டங்களுக்கு வருவார்களாக. வரும்போது, அடுப்படியில் நிற்கும் தாயையும் தம் அவையில் ஒருவராக அமர்த்துவார்களாக. எந்த மாதத்தில் மா குறையும், குறைந்த மாவை யார் உண்ணாது விடுவார் என்பதை அவளே அறிவாள். அதனைக் கேளாத ஆராய்ச்சி எவ்வளவு நுட்பமாயினும் குறையுடையதே.