விடைகொடுக்கும் வேளை

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மரணத்தைப் பற்றிப் பேசுவது மங்கலமன்று என்று நம் வீடுகளிற் சொல்வதுண்டு. வயதில் இளைய நாம், பெரியோர் நிறைந்த இச்சபையில் அதனையே பொருளாக எடுத்துக்கொண்டமை துணிச்சலென்று சிலர் கருதவுங் கூடும். ஆயினும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள நம் இல்லங்களில் இக்கேள்வி என்றாவது ஒருநாள் எழாத இல்லம் அரிது. தீராத நோயுற்ற தாய்க்கோ தந்தைக்கோ, நோயை எதிர்த்துச் செய்யும் வைத்தியத்தை விடுத்து, நோவைத் தணிக்கும் பராமரிப்பை மேற்கொள்ள வேண்டிய வேளை எது? அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்? இவ்விரு வினாக்களையுமே இன்று ஆராயப் புகுகின்றோம்.

இதனை நாம் நூலறிவு கொண்டு மாத்திரம் பேசவில்லை. எங்கள் அப்பம்மா வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் எங்களுடன் வாழ்ந்தவர். புற்றுநோய் ஈரல்வரை பரவிவிட்டதென வைத்தியர் சொன்ன அன்று, அதனை அவருக்குத் தெரிவிப்பதில்லையென வீட்டார் அனைவரும் கூடி முடிவு செய்தோம். கனடாவிலிருந்து பெரியப்பாவும் லண்டனிலிருந்து மாமியும் தொலைபேசியில், “காசைப் பாராதையுங்கோ, எப்படியாவது காப்பாற்றுங்கோ” என்றார்கள். அன்பினாற் சொன்ன வார்த்தை அது. அதனைக் குறைகூற மாட்டோம். ஆறு கிழமைக்குள் நான்கு முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றோம். ஒவ்வொரு முறையும் முன்னிலும் மெலிந்தே வீடு திரும்பினார். ஐந்தாம் முறை, அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு உள்ளே அவரும் வெளியே நாமுமாக இருந்தோம். அதற்கு முதல்நாள் எங்கள் கையைப் பற்றி, “பிள்ளை, வீட்டை போவம்” என்று கேட்டார். “சுகம் வந்தவுடனை போவம், அப்பம்மா” என்றோம். அது பொய்யென்று நாம் அறிவோம். அவரும் அறிந்திருந்தார் என்றே இப்போது எண்ணுகின்றோம். வைத்தியர்மீது எமக்குக் குறையில்லை. கேட்க வேண்டியதை நாமே கேட்கவில்லை.

நாம் கேட்டிருக்க வேண்டியது எதனை? ‘ஹொஸ்பிஸ்’ என்றொரு வழி உண்டு என்பதனை. விருந்தோம்பலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்த பெயர் அது. 1879 ஆம் ஆண்டில் டப்ளின் நகரிற் கத்தோலிக்கக் கன்னியர், மரணத்தறுவாயிலுள்ளோருக்கென ஓர் இல்லத்தைத் திறந்தனர். 1967 இல் சிசிலி சோன்டர்ஸ் அம்மையார் லண்டனிற் புனித கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸை நிறுவினார். தாதியாயும் சமூக ஊழியராயும் பணியாற்றிப் பின்னர் வைத்தியரானவர் அவர். நோவு உடலை மாத்திரம் பற்றியதன்று. மனக்கவலையும், குடும்பத்தைப் பற்றிய ஏக்கமும், ஆன்மாவின் கலக்கமும் சேர்ந்ததே முழு நோவு என்பது அவர் போதனை. நோவு மீண்டு வருமுன்பே உரிய வேளையில் மருந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் கைக்கொண்ட முறை.

மிஷன் கல்லூரியிற் படித்தவர்கள் மேல்நாட்டாரையே புகழ்கின்றனர் என்று எண்ண வேண்டாம். காசியில் இறுதி நாட்களைக் கழிக்க வருவோருக்கென 1958 முதல் முத்தி பவனம் என்னும் விடுதி நடைபெற்று வருகின்றது. கேரளத்திலே கோழிக்கோட்டில் 1993 இல் தொடங்கிய நோவு தணிப்புச் சங்கம், அயலவர்களையே தொண்டர்களாகப் பயிற்றி வீடுவீடாக அனுப்பியது. 2008 இல் அம்மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையையே வகுத்தது. நம் நாட்டிலும் மகரகமையில், இலங்கைப் புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த சேவன இல்லம் இப்பணியைச் செய்கின்றது. வெள்ளவத்தையிலிருந்து அவ்விடம் நெடுந்தூரமன்று. ஆயினும் அப்பெயரை நாம் அறிந்தது, அப்பம்மாவின் அந்தியேட்டிக்குப் பின்னரே.

இனி, வேளை எது என்னும் வினாவுக்கு வருவோம். நாள் குறித்துச் சொல்ல எவராலும் இயலாது. ஆயினும் சில அடையாளங்கள் உண்டு. செய்யும் வைத்தியம் நோயைத் தடுக்கவில்லையென வைத்தியரே கூறுதல், அடிக்கடி ஆஸ்பத்திரிக்குச் செல்வதும், சென்றும் தேறாமையும், உண்ணாது மெலிதல், பகற்பொழுதிற் பெரும்பகுதியைப் படுக்கையிற் கழித்தல், மருந்தாற் பெறும் நன்மையிலும் படும் வேதனை மிகுதல், எல்லாவற்றுக்கும் மேலாக, “இனிப் போதும்” என்று நோயாளியே சொல்லுதல். வைத்தியரிடம் கேட்பதற்கு ஒரு கேள்வியும் உண்டு: “இன்னும் ஓராண்டுக்குள் இவர் காலமானால் தாங்கள் ஆச்சரியப்படுவீர்களா?” ‘இல்லை’ என்று அவர் விடை கூறினால், உடனே சிகிச்சையை நிறுத்த வேண்டுமென்பதன்று, வீட்டார் கூடிப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே பொருள்.

இங்கே சில அச்சங்கள் குறுக்கிடும். நோவு தணிப்பில் இறங்கினால் உயிர் விரைவிற் பிரியும் என்பது ஒன்று. 2010 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சுவாசப்பைப் புற்றுநோய் முற்றிய 151 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலேயே நோவு தணிப்பையும் பெற்றவர்கள் நடுத்தரமாக 11.6 மாதமும், சிகிச்சை மாத்திரம் பெற்றவர்கள் 8.9 மாதமும் வாழ்ந்தனர். முதற்பிரிவினரும் புற்றுநோய்ச் சிகிச்சையை விட்டவர்கள் அல்லர். ஆதலால் ஹொஸ்பிஸ் ஆயுளை நீட்டும் என்று இதனைப் பெருப்பித்தல் பிழை. ஆயினும் மேற்கூறிய அச்சத்துக்கு இது தக்க விடையாகும். மோர்பீன் கொடுத்தாற் போதைக்கு அடிமையாவார் என்பது மற்றோர் அச்சம். வைத்தியர் அளவறிந்து நோவுக்காகக் கொடுக்கும்போது அது அரிதாகவே நிகழும். மலச்சிக்கல்தான் பெரும்பாலும் வரும் தொல்லை. அதற்கும் மருந்து உண்டு.

மூன்றாவது அச்சமே நம்மிடையே வலியது: “பெற்ற தாயைக் கைவிட்டான்” என்று ஊரார் சொல்வரே என்பது. அன்பர்களே, கைவிடுதல் எது? கண்ணாடிக் கதவுக்கு அப்பால் எந்திரங்களிடையே தனித்துக் கிடக்க விடுவதா? அல்லது நோவின்றி, தலைமாட்டிற் பிள்ளைகள் அமர்ந்திருக்க, தாம் கேட்டுப் பழகிய திருமுறையைக் கேட்டுக்கொண்டே கண்மூட வழி செய்வதா? நம் முன்னோர் இறுதி வேளையில் நாவிற் பால் வார்த்ததும், அருகிருந்து சிவபுராணம் ஓதியதும், போகும் உயிர் தனித்துப் போகலாகாது என்னும் கருத்தினாலன்றோ?

சுகமாகக் கூடிய நோயாளியை நம்பிக்கையிழந்து விட்டுவிடுமாறு நாம் சொல்லவில்லை. தேறுதற்கு வழியிருக்குமட்டும் போராடுவதே கடமை. ஹொஸ்பிஸை நாடியவர், நிலைமை மாறினால் மீண்டும் சிகிச்சைக்குத் திரும்புதலும் ஆகும்.

தீர்மானிப்பவர் யார்? முதலுரிமை நோயாளிக்கே. அவர் அறிவு தெளிவாயிருக்கும்போதே, “உங்களுக்கு என்ன விருப்பம்? எங்கே இருக்க விரும்புகின்றீர்கள்?” என்று கேட்டறிதல் வேண்டும். உண்மை முழுவதையும் ஒரே மூச்சிற் கொட்ட வேண்டியதில்லை. அவர் கேட்கும் அளவுக்கு, அவர் தாங்கும் அளவுக்குச் சொல்லலாம். பொய் மாத்திரம் சொல்லலாகாது. அவர் பேச இயலாத நிலையில், அவர் விருப்பம் என்னவாயிருந்திருக்கும் என்பதையே நோக்க வேண்டும். கடல்கடந்த உறவினரின் சொல்லுக்கு மதிப்புண்டு. எனினும் இரவிற் கண்விழித்துப் படுக்கை மாற்றுபவரின் சொல் அதற்குப் பிற்படலாகாது.

பெரியோர்களே, தங்களிடம் ஒரு விண்ணப்பம். தங்கள் விருப்பத்தைச் சுகமாயிருக்கும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். “அபசகுனமாகப் பேசாதையுங்கோ” என்று நாம் தடுத்தாலும் சொல்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இப்பராமரிப்புத் தேவைப்படுகின்றது. அதனைப் பெறுபவர்களோ 14 வீதத்தினர் மாத்திரமே. இக்குறையை நாம் இங்கிருந்து தீர்த்துவிட முடியாது. ஆனால் இளைஞராகிய நமக்குச் செய்யத்தக்கவை சில உண்டு. சிங்களம் அறியாத முதியவரோடு ஆஸ்பத்திரிக்குச் சென்று, தாதியின் சொல்லை அவருக்கும், அவர் நோவைத் தாதிக்கும் மொழிபெயர்த்துச் சொல்லலாம். நோயாளி இருக்கும் வீட்டில் ஓரிரவு காவலிருந்து, பலநாள் உறங்காத மகளை உறங்க வைக்கலாம். ஒன்றுஞ் செய்ய இயலாதபோது கையைப் பிடித்தபடி அருகில் இருக்கலாம். நம் ஒவ்வோர் ஒழுங்கைக்கும் இருவர் முன்வந்தாற் போதும். அவர்களுடைய பெயர்களைச் சங்கக் காரியதரிசியிடம் ஒரு பட்டியலாகக் கொடுத்து இப்பணியைத் தொடங்கலாம்.

அப்பம்மா கேட்டது பெரிய காரியமன்று. நான்காம் மாடியிலுள்ள தமது அறைக்குத் திரும்புதல் மாத்திரமே. அதனை நாம் கொடுக்கவில்லை. தங்கள் வீட்டில் ஒருவர் அவ்வாறு கேட்கும் நாளில், அச்சொல்லைக் காதிற் கொண்டு, அருகமர்ந்து, அவர் மனத்தை அறிந்து நடப்பீர்களாயின், இன்று பேசியதன் பயனை நாம் பெற்றவராவோம்.